லால்பாக் பாறைக் குழியில் தேங்கிய தண்ணீர்

பெங்களூரு லால்பாக்கில் கெம்பேகௌடா கோபுரம் நிற்கும் பாறைக்கு வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள். காலை நடைக்கு வருகிறவர்கள் அதில் உட்கார்ந்து இளைப்பாறுவார்கள். குனிந்து பக்கத்தில் பார்த்தால் வெள்ளையும் கறுப்புமாக வரிகள் நெளிந்து ஓடும். பூமியின் ஆழத்தில் வெந்து, நசுங்கி, மடிந்து இறுகிய தடம் அது. தென்னிந்தியாவின் பெரும்பகுதிக்கு அடித்தளமாகக் கிடக்கும் இந்த வரிப்பாறைக்கு ‘தீபகற்ப நைஸ்’ என்று 1916இல் பெயர் வைத்தவர் மைசூர் சமஸ்தானப் புவியியல் துறையின் ஸ்மீத். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை இதைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்துப் பலகையும் வைத்திருக்கிறது.

மழைக்கால ஞாயிறு ஒன்றில் அல்சூரிலிருந்து அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போயிருந்தேன். பத்தாம் வகுப்பு, சி.பி.எஸ்.இ. பலகையைப் படித்துவிட்டு வந்தவள், பாறைக் குழி ஒன்றில் தேங்கியிருந்த மழைத்தண்ணீருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

“மாமா, இந்தப் பாறை உருவானப்போ உயிர் இருந்துச்சா?”

“இருந்துச்சு. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் மட்டும்.”

“அது எப்படி வந்துச்சு? பாட்டியைக் கேட்டா பிரம்மா படைச்சார்ங்கறாங்க. கிளாஸ்ல என் பக்கத்துல உக்கார்ற பொண்ணு, ஆறே நாள்ல கர்த்தர் உண்டாக்கினார்னு சொல்றா. சரி, சயின்ஸ் புக்ல பாக்கலாம்னு பாத்தேன். அதுல ஒண்ணுமே இல்ல.”

அந்தக் கடைசி வரி எனக்கு உறைத்தது. அவள் சொன்னது உண்மை. என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் ‘மரபுவழியும் பரிணாமமும்’ என்று இருந்த பாடம் இப்போது ‘மரபுவழி’ மட்டும்தான். கொரோனா காலத்தில் பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று எடுத்த பக்கங்கள் 2023இல் வந்த புத்தகத்திலும் திரும்பவில்லை. எடுத்தவற்றில் பூமியில் உயிர் தோன்றியதைப் பற்றிய சின்னப் பெட்டிச் செய்தியும் ஒன்று. பாட்டி ஒரு பதில் வைத்திருக்கிறார், தோழி ஒரு பதில் வைத்திருக்கிறாள், பள்ளிக்கூடம் மட்டும் பேசாமல் இருக்கிறது. அன்றைக்கு அவளிடம் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பரிணாமம் வேறு, உயிரின் தோற்றம் வேறு. ஏற்கெனவே இருக்கும் உயிரினங்கள் எப்படி மாறிக் கிளைத்தன என்று சொல்வது பரிணாமம். அதற்குத் தொல்லெச்சம், மரபணு, உடற்கூறு என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் சான்று குவிந்து கிடக்கிறது. அறிவியலாளர்களிடையே அதைப் பற்றிச் சண்டை இல்லை. முதல் உயிர் எப்படி வந்தது என்பது அதற்கு முந்தைய கேள்வி, வேதியியலின் கேள்வி. அதற்கு முழு விடை இன்னும் கிடைக்கவில்லை. வீட்டு வாதங்களில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, “முதல் உயிரே எப்படி வந்துச்சுன்னு தெரியாது, அப்புறம் டார்வின் சொன்னது மட்டும் எப்படிச் சரி?” என்று கேட்பார்கள். ஒரு மொழியின் முதல் சொல்லை யார் சொன்னார் என்று தெரியாவிட்டாலும், பழந்தமிழிலிருந்து மலையாளம் பிரிந்ததை நம்மால் காட்ட முடியும் அல்லவா?

இனி மாவுக்கு வருவோம். இட்லி மாவுக்குத்தான்.

டிசம்பர் குளிரில் பெங்களூரில் மாவு லேசில் பொங்காது. அம்மா பாத்திரத்தைப் பழைய கம்பளியில் சுற்றி அடுப்பு மேடை ஓரத்தில் வைப்பார். பொங்கிவிட்டால் “தானாப் பொங்கிருச்சு” என்பார். அந்தத் ‘தானா’தான் ஈராயிரம் ஆண்டுகளாக உலகம் முழுக்க உயிரைப் பற்றி இருந்த எண்ணம். அழுகிய இறைச்சியில் புழு தானாக வரும், சேற்றில் தவளை தானாக வரும் என்று அரிஸ்டாட்டில் தொடங்கிப் பெரிய அறிஞர்கள் நம்பினார்கள். நம் மரபிலும் நால்வகைத் தோற்றத்தில் ஒன்று வியர்வையில் பிறப்பன. பேனும் கிருமியும் அப்படி வருவதாக நூல்கள் சொல்லும்.

1668இல் இத்தாலிய மருத்துவர் ரெடி, இறைச்சி வைத்த ஜாடியின் வாயை மெல்லிய துணியால் கட்டினார். ஈ உட்கார முடியவில்லை, இறைச்சியில் புழுவும் வரவில்லை. பிறகு நுண்ணோக்கி வந்து நுண்ணுயிர்கள் கண்ணில் பட்டதும் பழைய கேள்வி புது வடிவம் எடுத்தது: புழு வராது, சரி, இந்தத் துளியுயிர்கள் தானாக வருமா? 1748இல் நீடாம் என்பவர் ஆட்டிறைச்சிச் சாற்றைக் கொதிக்க வைத்து, மூடி, சில நாளில் திறந்து பார்த்தார். நுண்ணுயிர் நெளிந்தது. தானாக வருகிறது என்றார். ஸ்பல்லன்சானி என்பவர் இன்னும் நெடுநேரம் கொதிக்கவைத்து, கண்ணாடிக் கழுத்தை உருக்கி அடைத்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. அவர் 1765இல் நீடாமை மறுத்து எழுதினார்.

இந்த இருவருமே கத்தோலிக்கக் குருக்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அறிவியல் ஒரு கரையில், மதம் மறு கரையில் என்று இன்று நாம் வரைந்துகொள்ளும் கோடு அன்று அங்கே இல்லை. உயிரற்ற சாற்றிலிருந்து உயிர் வரும் என்று வாதாடியவரும் ஒரு குரு. வராது என்று காட்டியவரும் ஒரு குரு.

கடைசியில் பாஸ்டர் வந்தார். அன்னப்பறவையின் கழுத்துப்போல வளைந்த குழாய் வைத்த குடுவையில் சாற்றைக் கொதிக்கவைத்தார். காற்று உள்ளே போகும், தூசி வளைவில் தங்கிவிடும். சாறு கெடவில்லை. கழுத்தை ஒடித்ததும் கெட்டது. இதற்காக 1862இல் பிரெஞ்சு அறிவியல் கழகம் பரிசு கொடுத்தது. ‘தானா’ என்பது முடிந்தது. அம்மாவின் மாவையும் உளுந்தோடு வந்த பாக்டீரியாக்கள்தான் பொங்க வைக்கின்றன. லியூகோனாஸ்டாக் என்பது அவற்றில் முக்கியமான ஒன்று. குளிரில் அவை மெதுவாகப் பெருகுகின்றன, அவ்வளவுதான்.

பாஸ்டரின் குடுவையை இன்று பலர் படைப்புக் கொள்கைக்குச் சாட்சியாகக் கொண்டுவருகிறார்கள். உயிரிலிருந்துதான் உயிர் வரும் என்று அறிவியலே சொல்லிவிட்டது, ஆகவே முதல் உயிரைக் கடவுள்தான் படைத்திருக்க வேண்டும் என்கிறார்கள். பாஸ்டர் காட்டியது இதுதான்: இன்றைய பூமியில், கொதிக்கவைத்துத் தூசி புகாமல் வைத்த குடுவைக்குள், முழு வளர்ச்சி பெற்ற ஒரு நுண்ணுயிர் சில நாட்களிலோ மாதங்களிலோ தானாக உருவாவதில்லை. 400 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆக்சிஜன் இல்லாத காற்றுக்குக் கீழே, ஒரு கோள் அளவுக் குடுவையில், கோடிக்கணக்கான ஆண்டுகளில், நுண்ணுயிரைவிட எத்தனையோ மடங்கு எளிய ஒன்று உருவாகுமா என்பதை அந்தச் சோதனை தொடவே இல்லை.

டார்வின் இதில் மிகவும் தயங்கியவர். ‘உயிரினங்களின் தோற்றம்’ என்ற தம் நூலுக்கு 1860இல் வந்த இரண்டாம் பதிப்பில், முதல் உயிருக்கு மூச்சு ஊதியவர் படைத்தவரே என்று பொருள்படும்படி கடைசி வாக்கியத்தில் ஒரு சொல்லைச் சேர்த்தார். பொதுமக்கள் கருத்துக்குப் பணிந்து அப்படி எழுதியதற்காக வெகுநாளாக வருந்துகிறேன் என்று 1863இல் நண்பர் ஹூக்கருக்கு எழுதினார். உயிரின் தோற்றத்தைப் பற்றி இப்போது யோசிப்பதே வீண் என்றும் அதே கடிதத்தில் சொன்னார். ஆனாலும் அவர் மனம் அதை விடவில்லை. 1871இல் ஹூக்கருக்கே இன்னொரு கடிதம்: வெதுவெதுப்பான ஒரு சிறு குட்டை, அதில் அம்மோனியா, பாஸ்பரஸ் உப்புகள், ஒளி, வெப்பம், மின்சாரம் எல்லாம் இருந்து, வேதி மாற்றத்தால் ஒரு புரதச் சேர்மம் உருவானால்... என்று ஒரு ‘ஆனால்’ போட்டு நிறுத்திக்கொண்டார்.

அந்தக் குட்டையை 1924இல் ரஷ்யாவின் ஒப்பாரினும், 1929இல் இங்கிலாந்தின் ஹால்டேனும் தனித்தனியே பெருங்கடலாக்கினார்கள். ஆக்சிஜன் இல்லாத பழைய காற்றில் மின்னலும் புற ஊதா ஒளியும் பட்டுக் கரிமச் சேர்மங்கள் உருவாகிக் கடலில் சேர்ந்தன என்றார்கள். இந்த ஹால்டேன்தான் 1957இல் இந்தியாவுக்குக் குடிவந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேஸ்வரில் இறந்தவர். தம் உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

சிகாகோவில் ஸ்டான்லி மில்லர் என்ற ஆராய்ச்சி மாணவர் தம் ஆசிரியர் யூரேயின் ஆய்வகத்தில் இதைச் செய்தே பார்த்தார். மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி, நடுவே மின்பொறி. சில நாளில் தண்ணீர் நிறம் மாறியது, அதில் அமினோ அமிலங்கள் இருந்தன. கட்டுரை 1953 மே மாதம் வெளியானது. அவர் மூடி வைத்திருந்த பழைய குப்பிகளைப் பிற்காலத்தில் நவீனக் கருவிகளால் ஆராய்ந்தபோது, எரிமலை ஆவி போலப் பீய்ச்சிய ஒரு சோதனையில் மட்டும் 22 அமினோ அமிலங்கள் கிடைத்தன. 2008இல் அந்த முடிவு வந்தபோது மில்லர் உயிரோடு இல்லை.

மில்லர் எடுத்துக்கொண்ட காற்றுக் கலவை பழைய பூமியில் அப்படியே இருந்திருக்காது, கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜனும்தான் மிகுந்திருக்கும் என்று இன்று பெரும்பாலோர் கருதுகிறார்கள். படைப்புவாதிகள் இதைப் பெரிதாக எடுத்துக்காட்டுவார்கள். காட்டட்டும், சரியான குறைதான். ஆனால் அந்தக் குறையைக் கண்டவர்களும் இதே துறை ஆராய்ச்சியாளர்கள்தான்.

அமினோ அமிலம் செங்கல் மாதிரி. செங்கல் கிடைத்துவிட்டால் வீடு வந்துவிடாது. உயிருக்குக் குறைந்தது மூன்று வேண்டும்: தன்னைப் படியெடுக்கும் ஒரு குறிப்பு, வேலை செய்யும் ஆட்கள், இரண்டையும் சிதறாமல் வைக்கும் ஒரு சுவர். நம் உடலில் குறிப்பு டி.என்.ஏ.விடம், வேலை புரதத்திடம். டி.என்.ஏ.வைப் படியெடுக்கப் புரதம் வேண்டும்; புரதம் செய்ய டி.என்.ஏ.வின் குறிப்பு வேண்டும். எது முதலில்?

இந்த முடிச்சைத் தளர்த்தியது ஆர்.என்.ஏ. 1980களின் தொடக்கத்தில் தாமஸ் செக்கும் சிட்னி ஆல்ட்மனும் ஆர்.என்.ஏ. குறிப்பைச் சுமப்பதோடு வேதிவினையையும் நடத்தும் என்று காட்டி 1989இல் நோபல் பெற்றார்கள். ஆக, ஒரே மூலக்கூறு இரண்டு வேலையையும் பார்த்த காலம் ஒன்று இருந்திருக்கலாம். அதற்குப் பெருஞ்சான்று ஒன்று நம் ஒவ்வொரு செல்லிலும் உட்கார்ந்திருக்கிறது, அதுதான் ரைபோசோம். உயிருலகில் புரதம் செய்யும் பட்டறை. அதன் அமைப்பை அணு அணுவாக வரைந்ததற்காக 2009இல் நோபல் பெற்ற மூவரில் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் சிதம்பரத்தில் பிறந்தவர். அவரோடு பரிசைப் பகிர்ந்த ஸ்டைட்ஸின் குழு 2000இல் காட்டிய படம்தான் என்னை மிகவும் கவர்ந்தது: அமினோ அமிலங்களைக் கோக்கும் அந்த நடு இடத்தில் புரதமே இல்லை, ஆர்.என்.ஏ. மட்டும்தான் இருக்கிறது. புரதம் செய்யும் பட்டறையின் இதயம் புரதத்தால் ஆனதல்ல. பழைய வீட்டை எத்தனையோ முறை இடித்துக் கட்டிய பிறகும் நடுவில் ஒரு கல்தூண் மட்டும் அப்படியே நிற்பதுபோல.

அந்த ஆர்.என்.ஏ.வின் துண்டுகள் உயிரில்லாத இடத்தில் எப்படிக் கிடைத்திருக்கும் என்பது வெகுநாள் மலையாக நின்றது. 2009இல் ஜான் சதர்லண்டின் குழு, எளிய சேர்மங்களிலிருந்து அதன் நான்கு எழுத்துகளில் இரண்டை நம்பத்தக்க சூழலில் செய்துகாட்டியது. 2015இல் ஹைட்ரஜன் சயனைடு, ஹைட்ரஜன் சல்பைடு, புற ஊதா ஒளி மூன்றையும் வைத்து ஆர்.என்.ஏ., புரதம், கொழுப்பு மூன்றின் மூலப்பொருள்களுக்கும் வழி காட்டியது. உயிரைக் கொல்லும் நஞ்சு, உயிரின் மூலப்பொருளாக.

இங்கேதான் லால்பாக் குழிக்கு வர வேண்டும். மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு நீர் மூலக்கூறு வெளியேற வேண்டும். சுற்றிலும் தண்ணீர் நிறைந்திருக்கும்போது அது நடப்பது கடினம். குழி காய்ந்தால் எளிது. மழையில் நிறைவது, வெயிலில் வற்றுவது, மறுபடி நிறைவது என்ற இந்தச் சுழற்சியை டேவிட் டீமரும் இப்போது புனேயின் ஐசர் நிறுவனத்தில் இருக்கும் சுதா ராஜமணியும் சோதனைச்சாலையில் நடத்தி, கொழுப்பு மூலக்கூறுகளின் துணையோடு ஆர்.என்.ஏ. போன்ற சங்கிலிகள் உருவாவதை 2008இல் எழுதினார்கள். அதே கொழுப்பு மூலக்கூறுதான் சுவரும் ஆகிறது. சோப்பு மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரைத் தேடும், மறுமுனை தண்ணீரை விட்டு ஓடும். அந்த வகை மூலக்கூறுகள் தண்ணீரில் இரட்டை வரிசையாக நின்று, யாரும் சொல்லாமலே வளைந்து, மூடிய சின்ன உருண்டைகளாகின்றன. ஜாக் சோஸ்டாக்கின் ஆய்வகத்தில் அந்த உருண்டைகள் வளர்ந்து இரண்டாகப் பிரியவும் செய்தன.

குட்டைக் கட்சிக்கு எதிரே ஆழ்கடல் கட்சி ஒன்று உண்டு. 1977இல் கலாபகோஸ் அருகே கடலடியில் வெந்நீர் ஊற்றுகளும் அவற்றைச் சுற்றி இருட்டில் வாழும் உயிர்களும் தென்பட்டன. 2000இல் அட்லாண்டிக்கில் வெள்ளைக் கோபுரங்களாய் நிற்கும் காரத்தன்மை கொண்ட ஊற்றுகள் கிடைத்தன. அவற்றின் நுண்துளைச் சுவர்களில் இயற்கையாகவே அமையும் வேதி ஏற்றத்தாழ்வு, நம் செல்கள் ஆற்றல் எடுக்கும் முறையை ஒத்திருக்கிறது. இரு கட்சிக்கும் கடுமையான வாக்குவாதம் நடக்கிறது. என் மனம் குட்டைப் பக்கம் சாய்கிறது; சங்கிலி கோக்கக் காய்தல் வேண்டும் என்பது எனக்கு வலுவாகப் படுகிறது.

நம்மூர்ப் பங்கும் இதில் இருக்கிறது. 1990களின் இறுதியில் இந்திய அறிவியல் கழகத்தில், நம் ஊர் வழக்கில் டாட்டா இன்ஸ்டிடியூட்டில், சஞ்சய் ஜெயினும் சந்தீப் கிருஷ்ணாவும் ஒரு கணித மாதிரி செய்தார்கள். முதல் மூலக்கூறு இரண்டாவது உண்டாக உதவுகிறது, இரண்டாவது மூன்றாவதுக்கு, மூன்றாவது திரும்பி முதலாவதுக்கே. இப்படி ஒரு வட்டம் தற்செயலாக விழுந்துவிட்டால் போதும், அது மற்றவற்றை இழுத்துக்கொண்டு வலைப்பின்னல் முழுவதும் பரவிவிடும் என்று காட்டினார்கள். ஒழுங்கு வெளியிலிருந்து வந்தே தீர வேண்டும் என்ற வாதத்துக்கு முன்னால் இதை வைத்துப் பார்க்க வேண்டும்.

மூலப்பொருள் வானத்திலிருந்தும் வந்திருக்கிறது. 1969இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லில் அமினோ அமிலங்களைக் கண்ட குழுவில் சிரில் பொன்னம்பெருமா இருந்தார். இலங்கையில் காலியில் பிறந்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்துவிட்டுப் பிறகு வேதியியலுக்குப் போனவர். விண்கல் தரையில் விழுந்த பிறகு மாசு ஒட்டியிருக்கலாமே என்ற ஐயம் எப்போதும் உண்டு. அதையும் தீர்க்க, பென்னு என்ற சிறுகோளிலிருந்தே நேராக 121.6 கிராம் எடுத்து 2023 செப்டம்பரில் பூமிக்குக் கொண்டுவந்தது நாசா. நம் உடல் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14, டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இரண்டின் எழுத்துகளுக்குமான ஐந்து காரங்களும், அதில் இருந்ததாக 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். அமினோ அமிலம் நம் இரு கைகளைப்போல, ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு வடிவங்களில் வரும். அங்கே இடக்கை வடிவமும் வலக்கை வடிவமும் ஏறத்தாழச் சமம். பூமியின் உயிர்களோ புரதத்துக்கு இடக்கை வடிவத்தை மட்டுமே எடுத்துக்கொள்கின்றன. அந்த ஒருபக்கச் சாய்வு எப்போது, ஏன் வந்தது என்பது இன்னும் அவிழாத முடிச்சு.

எளிய வேதிப்பொருள்களில் தொடங்கி, உண்டு, பெருகி, பரிணாமம் அடையும் ஒரு செல்லை எந்த ஆய்வகமும் இதுவரை செய்ததில்லை. 2010இல் கிரெய்க் வென்டர் “செயற்கை உயிர்” செய்தார் என்று செய்தி வந்தபோது அவர் செய்தது 10 லட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள் கொண்ட ஒரு மரபுத்தொகுதியை. அதை இட்டது ஏற்கெனவே உயிரோடு இருந்த ஒரு பாக்டீரியாவுக்குள். மனிதன் உயிரைப் படைத்துவிட்டான் என்று எழுதியவர்களும் தவறு செய்தார்கள்.

சரி, நம்பிக்கையின் பக்கம் என்ன இருக்கிறது? முதலில், ‘மதம் சொல்வது’ என்று ஒரு பொருள் கிடையாது. ஆதியாகமத்தின் ஆறு நாளை அப்படியே எடுத்துக்கொண்டு 1650இல் பேராயர் அஷர், படைப்பு நடந்தது கி.மு. 4004இல் என்று கணக்கிட்டார். அவருக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் முன்பே புனித அகுஸ்தீனார், அந்த நாள்களைச் சூரியன் எழுந்து மறையும் நாள்களாகக் கொள்ள வேண்டியதில்லை என்று எழுதியிருந்தார். கத்தோலிக்கத் திருச்சபையில் 1950இல் போப் பன்னிரண்டாம் பத்திநாதர் மனித உடலின் பரிணாமத்தை ஆராயத் தடையில்லை என்றார். 1996இல் போப் இரண்டாம் யோவான் பவுல், பரிணாமம் வெறும் கருதுகோளுக்கு மேற்பட்டது என்றார். ஆன்மாவைக் கடவுள் நேரே தருகிறார் என்பதை அவர்கள் விடவில்லை. குர்ஆன் உயிருள்ள ஒவ்வொன்றையும் தண்ணீரிலிருந்து உண்டாக்கியதாகவும் மனிதனைக் களிமண்ணிலிருந்து படைத்ததாகவும் சொல்கிறது.

நம் சைவ சித்தாந்தத்தில் கதையே வேறு. பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (தளை) மூன்றும் அனாதி, தொடக்கம் இல்லாதவை. உயிரை யாரும் படைக்கவில்லை. அது என்றும் உள்ளது. இறைவன் மாயையிலிருந்து உடலையும் உலகத்தையும் ஆக்கிக் கொடுக்கிறான், குயவன் மண்ணிலிருந்து குடத்தை ஆக்குவதுபோல. சமணமோ உலகைப் படைத்த கடவுள் ஒருவர் உண்டு என்பதையே ஏற்பதில்லை. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் படைப்பைப் பற்றிய பாடல் ஒன்று, இது எங்கிருந்து வந்தது என்று உண்மையில் யாருக்குத் தெரியும் என்று கேட்டு, மேலிருந்து பார்ப்பவனுக்குத் தெரியும், அல்லது அவனுக்கும் தெரியாதோ என்று முடிகிறது. பாட்டி சொல்லும் பிரம்மா இந்தப் பெரிய வீட்டில் ஒரு அறைதான். ஆறு நாள் படைப்பா, பரிணாமமா என்ற சண்டை அமெரிக்கப் பள்ளிகளையும் நீதிமன்றங்களையும் உலுக்கிய சண்டை. அதை அப்படியே நம் வீட்டுக் கூடத்தில் நடத்தினால் நம் சொந்தக் கேள்விகள் காணாமல் போய்விடும்.

ஆனால் இன்னொரு பழக்கத்தையும் நான் சொல்லியாக வேண்டும், அது நம்மவர்களிடம் ஆழமாக ஊறியது. தசாவதாரத்தில் மீன், ஆமை, பன்றி, நரசிம்மம், வாமனன் என்று வரிசை வருகிறதே, அதுதான் பரிணாமம் என்பார்கள். இது 1877இல் பிரம்மஞான சபையின் பிளாவட்ஸ்கி அம்மையார் எழுதியதிலேயே இருக்கிறது, அதாவது டார்வின் நூல் வந்த பிறகு சொன்னது. தொல்காப்பியத்தின் ஓரறிவு முதல் ஆறறிவு வரை பரிணாமம்தான் என்பார்கள். அது புலன்களை வைத்துச் செய்த அருமையான வகைப்பாடு, உலகில் எந்த இலக்கண நூலிலும் எளிதில் காண முடியாதது. ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தது என்று அது சொல்லவில்லை. பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு, பூமியின் வயது 454 கோடி, எவ்வளவு நெருக்கம் பாருங்கள் என்று வாட்ஸ்அப்பில் வரும். 432 கோடி என்பது 43,20,000 ஆண்டு கொண்ட மகாயுகத்தை ஆயிரத்தால் பெருக்கியது. பூமியின் வயதோ 1956இல் கிளேர் பேட்டர்சன் விண்கல்லில் இருந்த ஈயத்தின் வகைகளை அளந்து கண்டது. 455 கோடி, 7 கோடி கூடவோ குறையவோ இருக்கலாம் என்று தம் பிழை எல்லையையும் சேர்த்தே சொன்னார். எண்கள் பக்கத்தில் வந்துவிட்டதால் வழிகள் ஒன்றாகிவிடாது. முன்னோரைப் பெருமைப்படுத்த அவர்கள் சொல்லாததை அவர்கள் வாயில் வைக்க வேண்டியதில்லை. சொன்னதே போதும்.

என்ன சொன்னார்கள் என்று பார்க்க மணிமேகலைக்குப் போக வேண்டும். சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதையில், வஞ்சி நகரில் மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியிடமும் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். நிலம், நீர் போன்ற பூதங்களே எல்லாம் என்னும் பூதவாதி சொல்கிறான்: தாதகிப் பூவும் வெல்லக் கட்டியும் சேர்த்து வைத்தால் மதுவின் களிப்பு பிறக்கிறதே, அதுபோலப் பூதங்கள் கூடினால் உணர்வு தோன்றும். தனித்தனியே எதிலும் இல்லாத ஒன்று கூட்டில் பிறக்கும் என்கிறான். இன்றைய ஆய்வகத்தில் கேட்கும் பேச்சு இது, ஆயிரம் ஆண்டுக்கு மேல் முந்தைய தமிழில். அவன் எடுத்த உவமையை மட்டும் இன்று திருத்த வேண்டியிருக்கிறது. தாதகிப் பூவில் காட்டு ஈஸ்ட் குடியிருக்கிறது. ஆயுர்வேத அரிஷ்டங்களை நொதிக்க வைக்க அதை இன்றும் போடுகிறார்கள். வெல்லத்தை மதுவாக்கியது அந்தக் கண்ணுக்குத் தெரியாத உயிர். அம்மாவின் மாவில் இருந்ததுபோல, நீடாமின் சாற்றில் இருந்ததுபோல.

பூதவாதி கண்ணால் காண்பதை மட்டுமே ஏற்பவன். மணிமேகலை புன்னகைத்து அவனைக் கேட்கிறாள்: உன் தந்தையையும் தாயையும் அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய்? தன் பிறப்பை யாரும் கண்டதில்லை. ஆனாலும் தாய் தந்தை யார் என்று நமக்குத் தெரியும். அடையாளங்களை வைத்து ஊகித்து அறிகிறோம்.

அவள் அந்தக் கேள்வியைப் பொருள்முதல்வாதிக்கு எதிராகக் கேட்டாள். இன்று அது திரும்பி வேறு பக்கம் பாய்கிறது. 2018 ஜனவரியில் மத்திய மனிதவள மேம்பாட்டுத் துறையின் அன்றைய இணை அமைச்சர், குரங்கு மனிதனாக மாறியதை நம் முன்னோர் யாரும் கண்டதாகச் சொன்னதும் இல்லை, எழுதியதும் இல்லை, ஆகவே டார்வின் கொள்கை தவறு, பாடத்திலிருந்து மாற்ற வேண்டும் என்றார். நாட்டின் மூன்று அறிவியல் அகாதமிகள் சேர்ந்து அதை மறுத்து அறிக்கை விட்டன. அவற்றில் ஒன்று 1934இல் சர் சி.வி.ராமன் தொடங்கிய, பெங்களூரிலேயே இருக்கும் இந்திய அறிவியல் அகாதமி. கண்டவர் யார் என்ற கேள்விக்கு மணிமேகலை சொன்னதே பதில். ஆஸ்திரேலியாவின் பில்பாரா பகுதியில் 348 கோடி ஆண்டுப் பாறைகளில் நுண்ணுயிர்ப் படலங்கள் அடுக்கடுக்காக உறைந்திருக்கின்றன. எல்லா உயிர்களின் மரபணுக்களையும் ஒப்பிட்டுப் பின்னோக்கிப் போனால் ஒரே பொது மூதாதையிடம் சேர்கிறோம். 2024இல் வந்த ஒரு கணிப்பு அதன் காலத்தைச் சுமார் 420 கோடி ஆண்டு என்கிறது. தாயை அறிவதுபோலத்தான் இதையும் அறிகிறோம்.

நான் கோயிலுக்குப் போகிறவன். அல்சூர் சோமேஸ்வரர் சந்நிதியில் நிற்கும்போது என் மனம் அடங்குகிறது. அதனால்தான் ஒன்றை உறுதியாகச் சொல்ல முடிகிறது: இன்னும் விடை தெரியாத இடத்தில் கொண்டுபோய்க் கடவுளை நிறுத்துவது பக்தி அல்ல. அந்த இடம் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கிக்கொண்டே வருகிறது. மின்னலுக்குக் காரணம் தெரியாதபோது அங்கே நிறுத்தினோம், அம்மைக்குக் காரணம் தெரியாதபோது அங்கே. ஒவ்வொரு இடத்தையும் காலி செய்ய வேண்டியிருந்தது. அதேபோல, ஆர்.என்.ஏ. எப்படி உருவானது என்று கண்டுபிடித்துவிட்டால் கடவுள் இல்லை என்று நிரூபித்துவிட்டோம் என்பதும் பொருந்தாது. அந்தச் சோதனை அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 2023இல் 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு, பரிணாமத்தைப் பத்தாம் வகுப்பில் மீண்டும் சேர்க்கக் கேட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் இருக்கிறதே என்பது பதிலாக வந்தது. இருக்கிறது, மில்லரின் குடுவைப் படத்தோடு இருக்கிறது. ஆனால் என் அக்கா மகள் பதினொன்றில் காமர்ஸ் எடுக்கப் போகிறாள். அவளோடு படிப்பவர்களில் பெரும்பாலோர் உயிரியலை இந்த ஆண்டோடு மூடிவைத்துவிடுவார்கள். தான் எங்கிருந்து வந்தோம் என்ற கேள்விக்கு மனிதர்கள் இதுவரை சேர்த்த சான்றுகளை, பள்ளி என்ற ஓர் இடத்தில் அவர்கள் இனிக் கேட்கப்போவதே இல்லை. பாட்டியின் பிரம்மாவும் தோழியின் ஆறு நாளும் அவளுக்குத் தெரிந்திருக்கட்டும். பாஸ்டரின் வளைந்த கழுத்தும் அவளுக்குத் தெரிய வேண்டும். அரசியல் சட்டத்தின் 51ஏ பிரிவு அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பதைக் குடிமக்களின் கடமை என்று எழுதி வைத்திருக்கிறது. பாடத்தை எடுத்துவிட்டு அந்தக் கடமையை அவள் எதை வைத்துச் செய்வாள்?

அன்று காலை பாறையில் இவ்வளவையும் நான் சொல்லவில்லை. குட்டை, மழை, வெயில், காய்ந்தால் சங்கிலி கோக்கும் என்பது வரைக்கும்தான் வந்திருந்தேன். அவள் குழித்தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்போ இந்தக் குழியில இப்பவும் புதுசா உயிர் வரலாம்ல மாமா? மழை பெய்யுது, காயுது, எல்லாம் நடக்குதே.”

டார்வினுக்கும் இதே கேள்வி வந்தது. 1871ஆம் ஆண்டுக் கடிதத்தில் அவரே பதிலும் எழுதியிருந்தார்: அப்படி ஒரு சேர்மம் இன்றைக்கு உருவானால் அது அந்தக் கணமே தின்னப்பட்டுவிடும், உயிர்கள் தோன்றுவதற்கு முன்னால் அப்படித் தின்ன ஆளில்லை. அதைச் சொன்னேன்.

குழியின் ஓரத்தில் பாறை வரிகளின் மேல் பச்சையாக ஒரு வழவழப்பு படிந்திருந்தது. அவள் விரலால் அதைத் தொட்டு முகர்ந்து பார்த்தாள். தண்ணீரில் கொசுப்புழுக்கள் தலைகீழாகத் தொங்கி, அவள் நிழல் பட்டதும் துள்ளிக் கீழே போயின.

“இதுங்களா தின்னுடும்?”

“அந்தப் பச்சையில இருக்கறதுங்க முதல்ல தின்னும். அதுங்கள இதுங்க தின்னும்.”

அவள் விரலை ஜீன்ஸில் துடைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் குனிந்தாள்.